தொண்ணூறாம் ஆண்டு விறகு

விறகு கொத்தத் தெரியாத மனுசனின் கையில் கோடாலியைக் கொடுத்த பாவம் என்னுடையது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாவங்கள் போகப் போக வரும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசி மாதம். டேனிஷ்காரரின் ஹொல்ஸ்டெப்ரோ பட்டணத்திலிருந்து ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, வயல்வெளிக்கு நடுவில் ஒரு பழைய வீட்டில் நானும் என் மனுசன் அந்தோனிதாசனும் வாடகைக்கு இருந்தோம். மூன்று அறை. ஒன்றில் நாங்கள். ஒன்றில் மேசையும் கதிரையும். மூன்றாவதில் இரண்டு கட்டில், இரண்டு தலையணை, சுவரில் மடுமாதா படம். அங்கே ஒருவரும் படுப்பதில்லை. அது எங்கள் பிள்ளைகளின் அறை. ஜெசிந்தனுக்குப் பதின்மூன்று வயது, மேர்சிக்குப் பத்து. இரண்டு பேரும் மன்னாரில், பேசாலையில், என் அக்கா லூர்தம்மாவோடு இருந்தார்கள்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ, பிள்ளைகளைச் சட்டப்படி ஆறு மாதத்திலை கூப்பிடலாம்" என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் எங்களைப் பிளேன் ஏற்றினான். சட்டப்படி விண்ணப்பம் போட்டோம். ஆறு மாதம் போச்சு. வருசம் போச்சு. கொப்பன்கேகனிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது பின்னாளில் இந்த நாடே பேசிய வழக்கு. அப்போது எங்களுக்கு அது தெரியாது. தபால்காரனில்தான் பிழை என்று நினைத்தோம். நான் அவனுக்காகவும் ஒரு செபமாலை சொன்னேன்.

அந்த ஐப்பசியில் கொம்மூன்காரர், இங்கத்தைய நகரசபைக்காரர், ஒரு கடிதம் போட்டார்கள். பட்டணத்தில் ஒரு மாடிவீடு இருக்கிறதாம். ஒரே அறை. குழாயில் சூடு தானாக வருமாம். வேண்டுமா வேண்டாமா என்று பங்குனி முடியுமுன் சொல்ல வேண்டுமாம். இவர் மூன்று தரம் வாசித்தார்.

"போவம், இஞ்சேரும். இந்தப் பாழ்வீட்டுக்கு ஆர் விறகு கொத்திறது?"

"அங்கை ஒரு அறைதானேப்பா. பிள்ளைகள் எங்கை படுக்கிறது?"

"வந்தால் பாப்பம்."

"வந்தால் எண்டு சொல்லாதேங்கோ. வரேக்கை எண்டு சொல்லுங்கோ."

"சரி, வரேக்கை பாப்பம்."

"வரேக்கை பாக்கிறதுக்கு ஒரு அறை வேணுமெல்லே?"

அந்த மூன்றாவது அறையின் கதவைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடக்கப் பழகியிருந்தார் அவர். அந்தக் கதவு கண்ணில் படாத ஒரு வீடு அவருக்கு வேண்டும். எனக்கு அந்தக் கதவு வேண்டும். அறையை விட்டால் பிள்ளைகளை விட்ட மாதிரி. எங்களுக்குள் இருந்த வழக்கு இவ்வளவுதான்.

கெஞ்சினால் இந்த மனுசன் கருங்கல். ரோசத்தில் தொட்டால் பப்படம்.

"நீங்கள் சொல்லுறது சரிதானப்பா. மகேந்திரராசா அண்ணையும் சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"சங்கக்கடையிலை சீனி நிறுத்த கைக்குக் கோடாலி பாரமாத்தான் இருக்கும் எண்டு."

எங்களைப் போலவே இங்கே வந்து இருந்த மகேந்திரராசா அண்ணை அப்படிச் சொல்லவே இல்லை. "குளிர் வருது, கவனமாயிருங்கோ தங்கச்சி" என்றுதான் சொன்னார். பாவம் இரண்டு.

பப்படம் பொரிந்தது.

"சீனி நிறுத்த கையோ? நான் பேசாலைச் சங்கக்கடை மனேச்சர்! இந்தக் கையாலை தனியக் கொத்துவன். எண்ணெய் வாங்கமாட்டன். விறகு வாங்கமாட்டன். கேட்டுக்கொள்ளும். என்ரை விறகு உயிர்த்த ஞாயிறு மட்டுக்கும் முடியாமல் இருந்தால் இந்த வீட்டிலை இருப்பம். அதுக்கு முன்னம் முடிஞ்சாலும், ஒரு நாள் அடுப்பு நூந்து வீடு குளிர்ந்தாலும், மாடிவீடு. பிறகு நீர் வாய் திறக்கப்படாது."

"மாதா சாட்சியாச் சொல்லுங்கோ. உங்கடை விறகு முடியாமல் இருந்தால் இஞ்சை இருப்பம்."

"ஓம், என்ரை விறகு. மாதா சாட்சி."

அடுத்த நாளே கோடாலி வாங்கிக் கொடுத்தேன்.

மரம் பக்கத்துப் பண்ணையில் கிடந்தது. அங்கே கிர்ஸ்டன் என்றொரு டேனிஷ்காரி தனியாக இருந்தா. அறுபதைத் தாண்டியவ. புருசன் அந்த மாசியில்தான் செத்துப்போனவர். காற்றுக்கு விழுந்த மரங்களை அவவுடைய தோப்பிலிருந்து வெட்ட ஆளில்லை. எங்களை வெட்டச் சொன்னா. எல்லாம் நாங்கள் நத்தார் என்கிற கிறிஸ்மசுக்குச் சோடிக்கிற மரச்சாதி.

முதல் நாள் மரத்துக்குச் சேதமில்லை. இவருடைய சப்பாத்துக்குத்தான் சேதம். இரண்டாம் நாள் கோடாலி காம்பை விட்டுப் பறந்தது. தோப்பிலிருந்த காகமெல்லாம் எழும்பிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனுசன் விடவில்லை. கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, உடைந்த இடம் காய்த்து, மூன்று கிழமை கொத்தினார். அளவுகோல் இல்லை. தன்னுடைய முழங்கைதான் அளவு. எல்லாம் ஒரு முழக் கட்டை. கொட்டிலுக்குள் நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கி, அதற்கு முன்னால் நின்று படமும் எடுப்பித்தார்.

"காயவைக்க வேண்டாமோப்பா?"

"மூண்டு நாள் காணும்."

பேசாலையில் உடைமரம் தறித்தால் மூன்று நாள் வெயில் காணும். நாலாம் நாள் சோறு கொதிக்கும். இங்கே கார்த்திகையில் மூன்று நாள் வெயிலுக்கு எங்கே போவது? இவர் மூன்று நாள் பொறுத்தார். மூன்று நாளும் மழை. "காய்ஞ்சிட்டுது" என்றார்.

கூடவே ஒரு சட்டமும் போட்டார். "வெட்டிறது ஆம்பிளையின்ரை வேலை. எரிக்கிறது பொம்பிளையின்ரை வேலை. அடுப்படிப் பக்கம் நான் வரமாட்டன்." அந்தச் சட்டத்துக்கு நான் இன்றும் தேவனுக்குத் தோத்திரம் சொல்கிறேன்.

உடுப்புத் தோய்க்கிற அறையில் என் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு நின்றது. அதில் விறகு எரிந்தால் தண்ணீர் சூடாகிக் குழாய் வழியே மூன்று அறைக்கும் போகும். இவர் வேலைக்குப் போனதும் முதல் கட்டையைப் போட்டேன். அது எரியவில்லை. அழுதது. இரண்டு நுனியாலும் நுரை தள்ளி, சீ என்று முனகி, கறுத்தப் புகை விட்டு அழுதது. மத்தியானம் வரைக்கும் ஊதினேன். பிறகு நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அந்தப் புகையைக் கண்டுதான் கிர்ஸ்டன் வந்தா. இவருடைய கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தா. என் கன்னத்திலும் வைத்தா. ஈரச்சீலை மாதிரி இருந்தது. பிறகு என்னைத் தன்னுடைய கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

கூரைக்கு முட்ட முட்ட இரண்டு அடுக்கு விறகு. மேலே கூரை வளைமரத்தில் வெண்கட்டிச் சோக்கால் எழுதியிருந்தது. ஒன்றில் 1988. மற்றதில் 1989. இரண்டு குடும்பம் எரித்தாலும் மிஞ்சும். இந்தக் குளிருக்கு எரிக்கிற விறகு இரண்டு வருசத்துக்கு முன் வெட்டியதாம். இங்கே எல்லாரும் அப்படித்தானாம். மூன்றாவது இடத்தில் 1990 என்று எழுதியிருந்தது. கீழே வெறும் நிலம்.

"அவர் எழுதினது," என்றா கிர்ஸ்டன். "எழுதிப்போட்டு மரம் வெட்டப் போக இருந்தவர். அந்தக் கிழமை போயிட்டார்."

எனக்கு அப்போது டேனிஷ் ஐம்பது சொல் தெரியும். அதில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவாது. இரண்டு பேரும் அந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவவுக்கு ஆளில்லாத ஓர் இடம். எனக்கு ஆளில்லாத ஓர் அறை. அவவிடம் காய்ந்த விறகு. என்னிடம் பச்சை விறகு. இதற்கு என்னத்துக்குப் பாஷை?

மேல் வீட்டிலிருந்து பெரிய சில்லுப் பூட்டிய ஒரு பிள்ளைவண்டிலை இறக்கித் தந்தா. அவவுடைய மகன் கிடந்த வண்டில்.

அன்றிலிருந்து விடிய ஏழு மணிக்கு இவருடைய சைக்கிள் வளைவில் மறையும். ஏழேகாலுக்கு என் வண்டில் புறப்படும். போகும்போது பதினெட்டுப் பச்சைக் கட்டை. வரும்போது பதினெட்டுக் காய்ந்த கட்டை. மேலே ஒரு போர்வை. பின்னேரம் இவர் வந்து தன்னுடைய அடுக்கை எண்ணுவார். பதினெட்டுக் குறைந்திருக்கும். வீடு கணகணவென்று இருக்கும். மனுசன் மீசையைத் தடவுவார்.

ஒருநாள் உழவு மிசினில் வந்த ஒருவர் நிற்பாட்டி, தொப்பியைக் கழற்றி, பிள்ளையைப் பார்க்கக் குனிந்தார். போர்வையை விலக்கினார். கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போர்வையைத் திரும்ப மூடிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் எனக்கு வலு மரியாதையாய்க் கை காட்டுவார். பிள்ளையைப் பிரிந்த பொம்பிளை விறகைத் தாலாட்டுகிறாள் என்று நினைத்திருப்பார். முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது.

இவருடைய வாயைத்தான் கட்ட முடியவில்லை. தொழிற்சாலையில், மொழிப் பள்ளிக்கூடத்தில், எங்கே நாலு தமிழர் நின்றாலும் இதே கதை. "பச்சையா எரியுது அண்ணை! டேனிஷ்காரருக்கு விறகைப் பற்றி என்ன தெரியும்? ரெண்டு வருசம் காயவைக்கினமாம், கருவாடே?" இதைக் கேட்டு மகேந்திரராசா அண்ணையும் பச்சை மரம் வெட்டினார். அந்தக் குளிர் முழுக்க அவருடைய வீட்டில் எல்லாருக்கும் இருமல். பாவம் மூன்று.

நத்தாருக்கு அக்காவின் கடிதம் வந்தது. ஜெசிந்தனுக்குக் குரல் உடைஞ்சிட்டுதாம். ஆமி சுத்தி வளைக்கிற நாளிலை அவனைக் கோயிலுக்குள்ளை விட்டுப் பூட்டுறாவாம். 'அம்மாவின்ரை முகம் மறந்து போகுது, ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கோ' என்று மேர்சி கேட்டாளாம்.

இவர் வாசித்து, நாலாய் மடித்து வைத்தார். எழும்பிப் போய்ப் பிள்ளைகளின் அறைச் சூட்டைத் திருகி நிற்பாட்டினார்.

"ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு?"

"மெத்தை ஈரம் பிடிக்குமப்பா."

"பிடிக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். அடுத்த நாள் சைக்கிள் வளைவில் மறைந்ததும் திரும்பத் திருகிவிட்டேன். அவர் இனி அந்த அறைக்குள் போகப்போவதில்லையே, எப்படித் தெரியும்?

அந்த வருசம் குளிர் குறைவு என்று டேனிஷ்காரர் கதைத்தார்கள். எங்களுக்கு அதை ஒருவரும் வந்து சொல்லவில்லை.

விபூதிப் புதன் கழிந்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் விழுந்தது. எழும்பினால் வீடு சுற்றுகிறது. வண்டில் வெறுமையாய் நின்றது. கொண்டுவந்த காய்ந்த விறகு வெள்ளியோடு முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இவர் தன்னுடைய சட்டத்தைத் தானே மீறி அடுப்படிக்குப் போனார். தன்னுடைய அடுக்கிலிருந்து நாலு கட்டை எடுத்துப் போட்டார். நான் படுத்திருந்து சுவர் வழியே கேட்டேன்.

"இஞ்சேரும்! இது பத்துதில்லை!"

"ஊதுங்கோ அப்பா."

"ஊதி ஊதிச் சீவன் போகுது. புகைதான் வருது!"

"காத்துக் கதவைத் திறவுங்கோ."

"அதையும் திறந்திட்டன். வாசல் கதவையும் திறந்திட்டன். வீட்டிலை இனித் திறக்க ஒரு கதவும் இல்லை!"

வாசலால் குளிர் வந்தது. அடுப்பில் பழைய தணல் சிவப்பிலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுப்பு நூந்தால் அறை போச்சு. தலை சுற்றினாலும் அது ஒன்று மட்டும் தெளிவாய் இருந்தது.

இவர் முகமெல்லாம் கரியோடு வந்து கட்டிலடியில் நின்றார். "நேற்று மட்டுக்கும் எரிஞ்ச விறகெல்லே? நீர் என்னதான் செய்யிறனீர்?"

யன்னலால் பார்த்தேன். எங்கள் கூரைக்கு மேல் கறுத்தப் புகை. வயலுக்கு அந்தப் பக்கம் கிர்ஸ்டன் தன்னுடைய வாசலில் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றா. பிறகு அவசரமாய்க் கொட்டில் பக்கம் போனா.

"செபம் சொல்லித்தான் பத்தவைக்கிறனான்," என்றேன்.

அது பொய்யில்லை. கட்டைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. ஆனால் முழு உண்மையும் இல்லை. பாவம் நாலு.

"என்ன செபம்?"

"செபமாலை அம்பத்து மூண்டு மணி. முழந்தாளிலை நிண்டு. மடுமாதாவுக்கு முன்னாலை."

"அந்த அறையிலையோ?"

"அங்கைதானே மாதா இருக்கிறா."

விண்ணப்பத்துக்குப் பதில் வராததிலிருந்து அவர் பூசைக்குப் போவதை விட்டிருந்தார். பிறகு என்னுடைய செபமாலையை மேசையிலிருந்து எடுத்தார். அந்தக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவர். மற்றச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்கதவு மெதுவாய்த் திறந்து, கிர்ஸ்டனின் மரச்சப்பாத்து டொக் டொக் என்று வந்தது. காய்ந்த கட்டை ஒன்றோடொன்று முட்டினால் மணி மாதிரிக் கேட்கும். இங்கே மணி, அங்கே மரியே. பத்தாவது மணியில் இவருடைய குரல் தடக்கியது. இருபதாவதில் பிள்ளைகளின் பெயர் வந்தது. அதற்குப் பிறகு செபமில்லை, ஒரு ஆம்பிளை இரண்டு வெறுங்கட்டிலுக்கு நடுவில் இருந்து அழுகிற சத்தம். நான் மிச்ச மணியை அவருக்காகப் போர்வைக்குள்ளே இருந்து சொல்லி முடித்தேன்.

அவர் வெளியே வந்தபோது அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. குழாய் தொட்டால் சுட்டது. கிர்ஸ்டன் போய்விட்டா.

"எரியுது," என்றார்.

"ஓம்."

"புதுமை. மாதாவின்ரை அற்புதம்."

நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். காய்ச்சல் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு போர்வையும் போட்டுவிட்டார். அந்த அறைச் சூட்டை அன்று தானே போய்த் திருகிவிட்டார். அது முன்பே திருகியிருந்ததையும் புதுமைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை, புதுமையையும் கொண்டு வந்தார். ஒரு கிழமைக்குள் ஹொல்ஸ்டெப்ரோ முழுக்கத் தெரியும். பூசைக்கு வருகிற மேரிகிறேஸ் அக்கா ரெலிபோன் எடுத்து, "தங்கச்சி, உங்கடை அடுப்புக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வரலாமோ?" என்று கேட்டா.

இனித் தாங்காது என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுவாமியார் டேனிஷ்காரர், பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். தெரிந்த சொற்களைக் கூட்டிக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கோடாலி, சீனி, வண்டில், இருமல், புதுமை. தட்டிக்கு அந்தப் பக்கம் தோள் மட்டும் குலுங்கினது தெரிந்தது.

"மூன்று அருள் நிறைந்த மரியே," என்றார். "உயிர்த்த ஞாயிறுக்கு முன் புருசனிடம் உண்மையைச் சொல். இனிமேல் மாசியில் வெட்டச் சொல். இரண்டு வருசம் காய வேண்டும்."

ஞாயிறுக்கு முன் சொன்னால் பந்தயம் தோற்கும். அறை போகும். சொல்லாவிட்டால் நற்கருணை வாங்க முடியாது. தபசுகாலம் முழுக்கச் சொல்ல வாயெடுப்பேன். கறி கருகுது என்று எழும்பிவிடுவேன். பெரிய சனியும் வந்துவிட்டது.

அன்று இவரே எனக்கு வழி வைத்தார். கொட்டிலில் ஏழு கட்டை மிச்சம். விடிந்தால் வெற்றி. வெளிக்கிட்டு, தலை சீவி, கொம்மூன் கடிதத்தையும் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாரும், கிர்ஸ்டனிட்டைப் போவம். விறகு காயவைக்கிறது வீண்வேலை எண்டு அந்த மனுசிக்குச் சொல்லவேணும். நீர் மொழிபெயர்த்துச் சொல்லும்."

போனோம். நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. கொட்டில் கதவைத் திறந்துவிட்டேன்.

1990 என்ற எழுத்துக்குக் கீழே நிலத்திலிருந்து கூரை வரைக்கும் விறகு. இவர் கிட்டப் போனார். ஒரு கட்டையில் தன்னுடைய முழங்கையை வைத்தார். சரி. இன்னொன்றில் வைத்தார். சரி. கோடாலி தவறிய வெட்டு ஒன்றைக் கண்டார், விரலால் தடவினார்.

"இது என்ரை விறகு."

"ஓம்."

"அப்ப இவ்வளவு நாளும் எரிஞ்சது?"

"அவவின்ரை."

"அந்தச் சனிக்கிழமை?"

கிர்ஸ்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய முகம் விளங்கியது. மெதுவாய்த் தன்னுடைய மரச்சப்பாத்தைக் காட்டினா.

"அம்பத்து மூண்டு மணி, முழந்தாளிலை நிண்டு... ஒரு புரட்டஸ்தாந்துக்காரி பின்கதவாலை வந்து..."

"மாதா ஆரைக் கொண்டும் அனுப்புவா அப்பா."

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. பொக்கற்றிலிருந்து கடிதத்தை எடுத்தார். "என்ரை விறகிலை ஒரு நாளும் வீடு சூடேறேல்லை. பேச்சு பேச்சுத்தான். மாடிவீடு." அதைச் சொன்ன குரலில் வெற்றி இல்லை. களைப்புத்தான் இருந்தது.

மாதாவே என்றேன். அப்போதுதான் அவருடைய சத்தியம் ஞாபகம் வந்தது.

"பேச்சு என்னப்பா? ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

"என்ரை விறகு உயிர்த்த ஞாயிறு மட்டுக்கும் முடியாமல்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

"எங்கையப்பா முடிஞ்சது? காய்ச்சல் சனியண்டு நீங்கள் புகைச்ச நாலையும் முதல் நாள் நான் புகைச்ச ஒண்டையும் தவிர ஒரு துண்டும் குறையேல்லை. அடுப்பும் ஒரு நாளும் நூரேல்லை."

மாடிவீடு வேண்டாம் என்று அன்றே எழுதினார். மகேந்திரராசா அண்ணையின் வீட்டு இருமலுக்கு நான் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கொண்டு போனேன்.

பிள்ளைகள் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் வந்தார்கள். ஜெசிந்தன் தகப்பனை விட உயரம். மேர்சி அந்த அறையில் தன்னுடைய கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். என்னோடு ஒன்றிரண்டு சொல். தகப்பனோடு அதுவும் இல்லை. இவர் பக்கத்தில் வந்தால் எழும்பிப் போவாள். பேசாமல் பழகியே வளர்ந்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது? கிர்ஸ்டனோடு மட்டும் பாஷையே இல்லாமல் ஒட்டிக்கொண்டாள். அந்த மூன்றாவது அடுக்கைக் கிர்ஸ்டன் தொடாமல் வைத்திருந்து, பிள்ளைகளுக்கு என்று தந்தா. பிள்ளைவண்டிலில் வைத்து மேர்சிதான் தள்ளிக்கொண்டு வருவாள்.

மார்கழியில் ஒருநாள் நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். அந்த விறகு முனகவில்லை. கற்பூரம் மாதிரிப் பிடித்தது. ஜெசிந்தன் அடுப்புக் கதவால் எட்டிப் பார்த்து, "நல்ல விறகு, என்ன?" என்றான்.

இவர் இரண்டு வருசமாய் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். காய்த்துப் போன இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"அப்பா உங்களுக்கெண்டு தன்ரை கையாலை கொத்தினது."

மேர்சி நாலு மாதத்தில் முதல் தடவையாய் அவருடைய முகத்தை நேரே பார்த்தாள். வாய் திறந்தாள்.

"பொய் சொல்லாதேங்கோ அப்பா. இது கிர்ஸ்டன் மாமியின்ரை."